கரண்ட் இல்லாத பெட்டி மூச்சு விட்டது

மைக்செட் கடைக்காரனிடம் "நல்லாப் பாடுது" என்று சொல்வதற்காக யாரும் படியேறியதில்லை. "ஹம் அடிக்குது" என்று சொல்லத்தான் வருவார்கள். சால்டர் பிடித்துக் கை சுட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். பாட்டு நன்றாக வந்தால் அது பாடினவர் குரல். இரைச்சல் வந்தால் அது நம்முடையது.

நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை. ஆட்களிடம் பேச எனக்கு வராது; பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கழற்ற வரும். கழற்றும் திருகுகளை எண்ணி ஒரு மூடியில் வைப்பேன். மூட்டும்போது எண்ணிப் போடுவேன். ஒன்று மிஞ்சினாலும் எனக்குச் சோறு இறங்காது. சமீபத்தில் ஒரு பெட்டியில் அப்படி ஒன்று மிஞ்சியது. அந்தப் பெட்டியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மடியில் வந்த பெட்டி

கடற்கரைத் தெரு ஜெனிட்டா அதைக் குழந்தையைப் போலத் துண்டில் சுற்றி மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தாள். அவள் அப்பா சங்கு குளிக்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வள்ளம் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் சங்கு போட்டு வைத்திருந்த பின்கட்டு அறையைத்தான் மகள் ஒலிப்பதிவு அறையாக்கியிருந்தாள். சுவர் கனமானது, தெருச் சத்தம் உள்ளே வராது. பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை.

பெட்டி டிபன் டப்பா அளவு. இரும்புத் தகடு, கறுப்புப் பெயின்ட். மைக் ஆம்ப்ளிஃபயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருந்துகொண்டு குரலைத் தேவைக்கேற்பத் தணித்துக் கொடுப்பது. பேட்டரி இல்லை, பிளக் இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை. ஒரு வால்யூம், இரண்டு சாக்கெட், கொஞ்சம் வயர். பேலன்ஸ்டு முறை. அதாவது ஒரே குரலை இரண்டு கம்பியில் நேரெதிராக அனுப்பி, மூன்றாவது கம்பியை அவற்றுக்கு உறையாகப் போர்த்துவது. வழியில் ஒட்டுகிற இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஒட்டும். கடைசியில் ஒன்றையொன்று தின்றுவிடும். நல்ல முறை. அவளே பார்த்துப் படித்துச் செய்தது. பத்தவைப்பெல்லாம் மணி மணியாக இருந்தது. என் கை நடுக்கத்துக்கு இப்போது அப்படி வராது. ஆனால் ஹம் அடிக்கிறது என்றாள். அதைச் சொல்லும்போது பெட்டியைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள்.

"கரண்டே கெடையாது அண்ணாச்சி, பெறவு எங்கயிருந்து மொனங்குது?"

வாய் திறக்காத பெட்டி

என்னிடம் கொண்டுவந்தால் எந்தப் பெட்டியும் நல்ல பிள்ளையாகிவிடும். டாக்டரைக் கண்டதும் வயிற்றுவலி நிற்கிற மாதிரி. உங்கள் கடையிலும் அப்படித்தான் என்று தெரியும். மேசையில் மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்து, வால்யூமை முழுக்கத் திறந்தேன். ஒன்றுமில்லை. தட்டினேன், ஆட்டினேன். ஒன்றுமில்லை.

திறந்து பார்த்தேன். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே பெயின்ட் இருந்ததால் மூடி தனியே மிதந்தது. அப்படி மிதக்கிற தகடு காற்றில் போகிற எதையும் பிடிக்கும். விளிம்பில் பெயின்டைச் சுரண்டி இரும்போடு இரும்பு தொடும்படி செய்தேன். வால்யூமின் அடிக்கால்களும் பெட்டியின் உடம்போடு சேர்த்துப் பத்தவைக்கப்பட்டிருந்தன. பலரும் செய்வதுதான், எர்த் சுத்தமாக இருந்தால் காதுக்குத் தெரியாது. விட்டுவிட்டேன். மூட்டும்போதுதான் கவனித்தேன், பின்பக்கம் ஒரு பித்தளைத் திருகு எதையும் பிடிக்காமல் சும்மா நின்றது. எண்ணிக்கையில் அது ஒன்று அதிகம். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் ஜெனிட்டா போன் செய்தாள். குரலைத் தாழ்த்தி, பக்கத்து அறையில் யாரோ இருக்கிறார்கள் என்பதுபோலப் பேசினாள்.

"நீங்க தொட்டபெறவு இன்னும் தெளிவாக் கேக்கு அண்ணாச்சி."

ஆத்தூர்க் கல்யாணத்தில் பேசிய பெண்

அதைக் கேட்டதும் எனக்கு ஆத்தூர்க் கல்யாணம் ஒன்று ஞாபகம் வந்தது. வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீடு. மைக்கை யாரும் கையில் எடுக்கவில்லை, பாட்டும் போடவில்லை. ஆனால் வாசலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். நெல் என்ன விலை, வாழைத்தார் என்ன விலை என்று வரிசையாகச் சொன்னாள். பந்தியில் கை நின்றது. ஒரு கிழவர் இலையை விட்டு எழுந்தேவிட்டார்.

காரணம் எளியது. நம் பக்கத்து உப்புக்காற்று மைக் வயரின் உறைக்கம்பியை ஒரு முடிச்சில் அரித்துப் பச்சையாக்கியிருந்தது. அப்படி அரித்த முடிச்சே ஒரு ரேடியோ மாதிரி வேலை செய்யும். வானொலி அலை அதில் பட்டுப் பேச்சாக உள்ளே வந்துவிட்டது. முடிச்சை வெட்டிப் புதிதாகப் பத்தவைத்ததும் அந்தப் பெண் பாதி வாக்கியத்தில் நின்றாள். ஜெனிட்டா பெட்டிக்கும் இதே நோய்தான் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், கொடிக்கால்காரர் அன்று சிரிக்க வைத்தாரே, அதுபோல் சிரித்துவிட்டுப் போகலாம் என்ற ஆசையாகவும் இருந்திருக்கும். பந்தி நடுவே நின்று அவர் என்னைப் பார்த்துக் கத்தியது இது:

"ஏலே, எங்க வீட்டுக் கல்யாணத்துல எவளாம் வந்து வாழைத்தார் வெல சொல்லுதா?"

ஏறுவதும் இறங்குவதும்

பையில் சால்டரையும் மீட்டரையும் போட்டுக்கொண்டு ஒரு முற்பகலில் போனேன். பின்கட்டு அறையில் இன்னும் சங்கின் கவிச்சி இருந்தது. ஜெனிட்டாவின் அம்மா லூர்தம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலையில் ஹெட்போன், ஒரு கை பெட்டியின் மேல். கண் மூடியிருந்தது. நான் வந்ததற்குத் திரும்பவில்லை.

"அண்ணாச்சி வந்திருக்காவ. ஹெட்போனக் குடும்மா."

"இப்பத் தர மாட்டேன். கொஞ்ச நேரம் செண்டு எறங்கிரும், அப்பத் தாரேன்."

ஜெனிட்டா என்னைத் திண்டாட்டத்தோடு பார்த்தாள். "பாத்தீயளா? கடலு ஏறும்போது வந்து உக்காந்தா வத்துற வரைக்கும் இங்கனதான். சோத்துக்கு எந்திரிக்க மாட்டேங்கா. கோயிலுக்குப் போறதையும் விட்டாச்சி. எளச்சிக் குச்சியாப் போயிட்டா. என் வேல கெட்டாக்கூடப் போவுது அண்ணாச்சி. இவ எந்திரிக்கணும்."

மகள் கெஞ்சியதில் எனக்குக் கொஞ்ச நேரம் ஹெட்போன் கிடைத்தது. கரண்ட் இரைச்சல் நூல் பிடித்தாற்போல ஒரே அளவில் நிற்கும். வாழ்நாள் முழுக்க அதைத்தான் கேட்டிருக்கிறேன். இது நிற்கவில்லை. மெல்ல ஏறியது. உச்சியில் கொஞ்சம் தங்கியது. மெல்ல இறங்கியது. ஓர் இடைவெளி. மறுபடி ஏறியது. வேர்த்துக்கொண்டிருந்த என் முன்கையில் முடி நின்றது. ஜெனிட்டா திரையைக் காட்டினாள். முந்தின நாள் மைக் முன்னால் யாரும் பேசாமல் பகல் முழுக்கப் பதிவு செய்திருந்தாள். கடல் ஏறியிருந்த நேரத்தில், தூங்குகிறவர் மேல் போர்த்திய போர்வை எழுந்து தணிகிற மாதிரி, கோடு எழுந்து எழுந்து தணிந்திருந்தது. கடல் வற்றிய நேரத்தில் மெலிந்து கிடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லூர்தம்மா சொன்னபடி இரைச்சல் இறங்கியும் விட்டது. அவர் சேலை முந்தியால் பெட்டியைத் துடைத்தார். எனக்கு விளங்கட்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

"மூச்சு விடுதாவ அண்ணாச்சி. அடில இருந்து ஏறி வந்து வள்ளத்தப் பிடிச்சிக்கிட்டு அவிய இப்பிடித்தான் விடுவாவ."

பச்சைக் கம்பி

அன்று பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கடையில் சும்மா நின்ற பித்தளைத் திருகில் இங்கே ஒரு பச்சைக் கம்பி இருந்தது. எர்த் கம்பி. ஒலிப்பதிவுச் சாமான்களுக்குத் தனி எர்த் நல்லது என்று எங்கோ கேட்டு, வயர்மேன் முத்துராஜிடம் சொல்லி இழுக்க வைத்ததாக ஜெனிட்டா சொன்னாள். என்னிடம் கொண்டுவரும்போது கழற்றிவிட்டு வந்திருக்கிறாள். கம்பி எங்கே போய் முடிகிறது என்று கேட்டேன். "பொறத்தால எங்கயோ கம்பி அடிச்சிருப்பான்" என்றாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஜன்னல் வழியாக வெளியே போய், சுவரோரமாகச் சென்று, பின்முற்றத்து மணலில் இறங்கியது. அதற்கு அப்பால் மதில். மதிலுக்கு அப்பால் கடல். மதிலோரம் இரும்புக் குழாயில் செய்த ஒரு சிலுவை நின்றது. உடல் கிடைக்காததால், கணவர் கடலில் முங்கும்போது மாட்டிய பழைய முகக்கண்ணாடியை லூர்தம்மா அங்கே புதைத்து நட்டது. அதில் பெயர் எழுதவில்லை. அடியில் உடைந்த சங்குகளைக் குவித்திருந்தார்கள். கம்பி அந்தக் குவியலுக்குள் போனது. ஜெனிட்டா என் பின்னாலேயே வந்தவள் அங்கே நின்றுவிட்டாள். நான் சங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே ஓரமாக வைத்தேன். சிலுவையின் குழாயில், மண்ணை ஒட்டி, கிளாம்ப் போட்டு முறுக்கியிருந்தது.

இரைச்சலுக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. கடல் ஏறும்போது அலை மதிலுக்கு அடியில் கசிந்து வரும். ஒவ்வோர் அலைக்கும் குழாயைச் சுற்றிய மணல் நனையும். வீட்டு எர்த் ஒன்று, இந்த எர்த் ஒன்று; இரண்டுக்கும் நடுவில் பெட்டியின் உடம்பு வழியாகக் கொஞ்சம் கரண்ட் ஓடும். மணல் நனைந்தால் கூடும், வடிந்தால் குறையும். வால்யூமின் கால்கள் பெட்டி உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்ததால் அது குரல் கம்பிக்குள் ஏறிவிட்டது. நான் மூடியைச் சுரண்டியது அதற்கு இன்னும் நல்ல வழியாகிவிட்டது. காரணம் தெரிந்தால் பயம் போகும் என்பார்கள். ஈரக் கையோடு அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்தபோது எனக்குப் போகவில்லை. ஜெனிட்டா முத்துராஜுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எர்த்தைச் சிலுவையிலா கட்டினாய் என்று கேட்டாள். அவன் சொன்னான்.

"ஈரம் வரைக்கும் எறங்குன குழாய் ஒங்க வீட்டுல அது ஒண்ணுதான்க்கா, ஆனா அதுல கெட்டச் சொன்னது நான் இல்ல, ஒங்கம்மா."

ஒரு சுவிட்ச்

லூர்தம்மா பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒளித்து வைத்தது வெளியே வந்த கூச்சம் அவர் முகத்தில் இல்லை. நான் எடுத்து வைத்த சங்குகள் சரியாக இருக்கின்றனவா என்றுதான் பார்த்தார்.

"ஏம்மா, நீயா கெட்டச் சொன்ன?" என்றாள் ஜெனிட்டா.

"எர்த்துன்னா என்னலேன்னு முத்துராஜ்ட்ட கேட்டேன். ஆபத்து வந்தா ஆளத் தொட விடாம இழுத்துட்டுப் போயி மண்ணுல விடுறதுன்னு சொன்னான். ஒனக்கு வார ஆபத்த இழுக்க ஒங்கப்பா இருக்காவள்ளா, பெறவு எதுக்கு வேற கம்பி? அதான் கெட்டச் சொன்னேன். மூச்சு விடுவாவன்னு நான் நெனைக்கல. அது அவியளா விட்டது."

எனக்கு இப்படிப்பட்ட பேச்சுக்கு நடுவில் நிற்கத் தெரியாது. தொழிலைப் பற்றிப் பேசினேன். கரண்ட் இல்லாத பேலன்ஸ்டு பெட்டிக்குத் தனி எர்த்தே வேண்டாம். கேபிளின் உறை பெட்டி உடம்பைத் தொட்டால் போதும், அது மற்ற சாமான்களோடு சேர்ந்து வீட்டு எர்த்துக்குப் போய்விடும். இந்தக் கம்பியைக் கழற்ற வேண்டும் என்றேன். லூர்தம்மா வந்து சிலுவையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வேண்டுமானால் நடுவில் ஒரு சுவிட்ச் வைக்கிறேன், ஜெனிட்டா பதிவு செய்யும்போது அணைத்துக்கொள்ளட்டும், மற்ற நேரம் நீங்கள் போட்டுக் கேளுங்கள் என்றேன். இரண்டு பக்கத்துக்கும் நியாயமான யோசனை என்று எனக்குப் பட்டது. லூர்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சுவிட்சப் போட்டா சுத்துறதுக்கு அவிய என்ன ஃபேனா அண்ணாச்சி?"

படுத்துக் கிடந்த கோடு

அதற்கு மேல் பேசியது ஜெனிட்டாதான். அழவில்லை, கத்தவில்லை. மணலில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "அப்பா என் ஆபத்த இழுக்கட்டும்னுதான கெட்டுன? இப்ப எனக்கு இருக்குற ஆபத்து நீதாம்மா. நீ சாப்பிடாம எளச்சிக்கிட்டே போற. நீயும் போயிட்டன்னா நான் யாருட்டப் போவேன்? அத இழுக்கச் சொல்லு அப்பாவ." லூர்தம்மா குழாய்க்குப் பக்கத்தில் குந்தினார். பிறகு என் பக்கம் திரும்பாமல் கையை நீட்டினார். ஸ்பானரைக் கொடுத்தேன். நட்டு துருவேறி இறுகியிருந்தது. நான் உதவப் போனதற்குத் தலையை அசைத்துவிட்டார். அவரே திருகி, அவரே கம்பியை உருவி, சங்குகளைப் பழையபடி அடுக்கினார்.

உள்ளே போய் என் வேலையைச் செய்தேன். வால்யூமின் அடிக்கால்களைப் பெட்டி உடம்பிலிருந்து பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்துப் பத்தவைத்தேன். உறைக்கம்பி மட்டும் உள்ளே நுழைகிற இடத்திலேயே தகட்டைத் தொட்டது. பித்தளைத் திருகைக் கழற்றி, ஓட்டையை அடைத்தேன். திருகுகளை எண்ணினேன். சரியாக இருந்தது. கடல் மறுபடி ஏறும் வரை காத்திருந்து கேட்கலாம் என்றாள் ஜெனிட்டா. அதுவும் சரிதான். கடல் ஏறியது. மதிலுக்கு வெளியே அலை வந்து வந்து போனது. திரையில் கோடு அசையாமல் படுத்துக் கிடந்தது. ஹெட்போனில் நான் கேட்டது சுத்தமான அமைதி. என் வேலையில் அதைவிடச் சுத்தமாக ஒன்றை நான் கேட்டதில்லை. ஜெனிட்டாவும் கேட்டாள். கேட்டுவிட்டு, ஹெட்போனை அம்மாவிடம் கொடுக்கப் பயந்து கையிலேயே வைத்திருந்தாள்.

லூர்தம்மா அதை வாங்கி மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். நானும் ஜெனிட்டாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் அழுவார் என்று எதிர்பார்த்து நான் என் பையை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் அழவில்லை. நாங்கள் இருவரும் கேட்டு முடித்த இடத்தைத் தாண்டியும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மெல்ல அவர் முகம் தெளிந்தது, தேடிய சாமான் வைத்த இடத்திலேயே இருக்கக் கண்டவரைப் போல. ஹெட்போனைக் கழற்றிப் பெட்டியின் மேல் சத்தமில்லாமல் வைத்தார். கையை முழங்காலில் ஊன்றி ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"இப்ப அடில மூச்சப் பிடிச்சிருக்காவ, சங்கு எடுத்துக்கிட்டுத்தான் ஏறுவாவ, அதுவரைக்கும் நமக்கு என்ன சோலி இங்கன, ஏளா, சோத்தப் போடு."

சத்தம் போடுகிற பெட்டியை ஒரு தடவையும், சத்தமே போடாத பெட்டியை இரண்டு தடவையும் திறந்து பார்ப்பது அன்றிலிருந்து என் கடை வழக்கமாகிவிட்டது.